எர்த் கம்பி

நைரோபி, வில்சன் விமான நிலையம்.
ஒன்பது வருடமாக நான் ஓட்டுவது பெட்ரோல் லாரி.
எந்த விமானம் வந்து நின்றாலும் முதல் வேலை
அதன் உலோகத்தில் எர்த் கம்பியைக் கவ்வவிடுவது.
பிறகுதான் மூடி. பிறகுதான் குழாய்.
பறக்கிற எதையும்
தரையோடு கட்டிவிட்டே தொட்டிருக்கிறேன்.

வணிக விமானிக்கான தரைப் படிப்பு என்று
தம்பி சிமியு சொன்னபோது சிரித்தேன்.
தரையைத்தானே இத்தனை நாளாய்ப் படிக்கிறேன்.

அவன் சிரிக்கவில்லை.
சப்பாத்தி சுற்றி வந்த தாளில்
மூன்று பள்ளிகளை எழுதித் தந்தான்:
கட்டணம், காலம், எத்தனை பேர் தேறினார்கள்.
அவனுக்குத் தெரிந்தது அவ்வளவு.

எனக்குத் தெரிந்தது வேறு.

முதல் பள்ளிக்கு நீலக் கேட்.
வரவேற்பறையில் ஏசி, சுவரெல்லாம்
தோளில் நான்கு பட்டை வைத்த புன்னகைகள்.
"நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்றாள் மேசைப் பெண்.
அந்த நூறு பேரை எனக்குத் தெரியும்.
இறக்கைக்கு அடியில் கோப்பையில் கொஞ்சம் பிடித்து
பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
அவர்கள் பிடிப்பார்கள், ஆட்டுவார்கள், கொட்டுவார்கள்,
செல்பி எடுப்பார்கள்.
நீலப் பெட்ரோலின் அடியில்
தண்ணீர் கோலிக்குண்டுபோல் உருளும்.
அதைக் காணக் குனிய வேண்டும்.
குனியாத தோளில்
எத்தனை பட்டை தைத்து என்ன.

இரண்டாவது, டயர்க் கடைக்கு மேல் மாடி.
பழைய வினாத்தாள்கள் கூரைவரை.
"விடையை நெட்டுருப் போடு, கேள்வி மாறாது"
என்றார் கரியுக்கி.
இதே ஊரில், ஐயாயிரம் அடிக்கு மேலான காற்றில்,
ஒரு நண்பகல்
நான்கு பேரை ஏற்றிய செஸ்னா
ஓடுபாதை தீரப்போகும்வரை எழாமல் ஓடியதை
லாரிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள் நான்.
அது ஏன் என்று கேட்டேன்.
"அது தேர்வில் வராது."

மூன்றாவதுக்குத் தகரக் கூரை.
பத்து நாற்காலி, ஒன்றுக்குக் கால் இல்லை.
அதே கேள்வியைக் கேட்டேன்.
ஹலிமா, என்னைவிட நான்கு வயது சின்னவள்,
எடுத்த சாக்பீஸைக் கீழே வைக்கவேயில்லை.
"வெயிலில் காற்று விலகி விலகி நிற்கும்,
இறக்கையைத் தாங்க ஆள் பற்றாது" என்றாள்.
பிறகு கணக்குப் போட்டாள்.
பாதியில் ஓர் எண்ணைத் தப்பாகக் கூட்டி
தானே கண்டு, நாக்கைக் கடித்து, அழித்தாள்.
அந்த அழிப்பில் விழுந்தேன்.

ஆனால்
என் லாரியில் ஒரு பேரேடு இருக்கிறது.
தகரக் கூரைக்காரர்கள் இரண்டு மாதம் பாக்கி.
போன வெள்ளிக்கிழமை அந்தப் பெயருக்கு நேரே
சிவப்பு மையில்: ஊற்றாதே.

மூன்று இரவு தூக்கமில்லை.
நாளை பூட்டக்கூடிய கதவுக்குள்
சேர்த்த காசை மொத்தமாய் வைத்துவிட்டு
எந்தக் கதவைத் தட்டுவது?

"தரைப் படிப்புக்குப் பெட்ரோல் எதற்கு,
சாக்பீஸ் போதுமே" என்றான் சிமியு.
விளையாட்டாகத்தான் சொன்னான்.

திங்கட்கிழமை போனேன்.
மொத்தமாய்க் கட்ட மாட்டேன், ஒவ்வொரு பாடமாய்,
ஒன்று முடிந்தால் அடுத்தது என்றேன்.
ஹலிமா என் சீருடையைப் பார்த்தாள்,
அதில் தைத்திருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தாள்.
"எங்கள் கணக்கு உங்களிடம்தானே இருக்கிறது."
ஆமென்று சொல்லவில்லை நான். இல்லையென்றும்.
கொஞ்ச நேரம் கூரையில் காகம் நடந்தது.
"எதில் தொடங்கலாம்?"
"வானிலை."
ரசீதில் நஃபூலா என்பதைப் பிழையாய் எழுதி
அடித்துவிட்டு
மறுபடி எழுதினாள்.

மதியம் ஷிப்ட்.
நீலக் கேட்டின் விமானம் காத்திருந்தது.
கம்பியைக் கவ்வவிட்டேன், ஊற்றி முடித்தேன்.
பையன் கோப்பையைப் பிடித்தான், ஆட்டினான்.
"குனிந்து பார்" என்றேன்,
ஒன்பது வருடத்தில் முதல்முறையாக.
அவன் நிமிர்ந்து
என்னைப் பார்த்தான்.