மிச்சக் காசு

கின்னியா இஸ்ஸதீன் பொலித்தீன் பையை உதறியபோது
முதலில் விழுந்தவை இரண்டு மீன்செதில்கள்.
பிறகு அது.
"தூண்டில் எண்டுதான் நினைச்சன் மிஸ்.
முள்ளும் இல்ல, கூரும் இல்ல.
எந்த மடையன் செஞ்சானோ."

கொட்டியாரக் குடாவில் வலை இழுக்கையில்
பாசியோடு வந்ததாம்.
வெள்ளிக் கம்பி. இரண்டாய் மடித்து,
நடுவில் தட்டி, வாலை வளைத்து.
தட்டிய இடத்தில் எழுத்துப்போல் ஏதோ:
வாசிக்கத் தெரியாத ஒருவன்
வாசிக்கத் தெரியாத இன்னொருவனை நம்பவைக்கக்
குத்திய முத்திரை.
ஓரத்தில் ஒரு வெட்டு. நம்பாதவன் போட்டது.
பாக்குக்கும் யானைக்கும் மாறவென்று
பாரசீகக் கரையில் கப்பலேறிய காசு
இங்கே எவன் மடி அவிழ்ந்து விழுந்ததோ.
தராசில் நாலே முக்கால் கிராம்.
என் கை நடுங்கியதை அவர் பார்த்துவிட்டார்.
விலை அங்கேதான் ஏறியது.

பகலில் நான் நோட்டு எண்ணுகிறவள்,
டொக்யார்ட் வீதி வங்கியில் மூன்றாம் கவுன்டர்.
ஈரப் பஞ்சில் தொட்டுத் தொட்டு
விரல்ரேகை தேய்ந்து
வரவு பதியும் இயந்திரம்
என்னை இன்னார் என்று ஒத்துக்கொள்வதில்லை.
இரவில் எனக்கொரு தேக்குத் தட்டு,
அனுராதபுரச் சந்தித் தச்சரிடம் சொல்லிச் செய்தது,
அறுபது குழி.
நாற்பத்தொன்றில் சோழி, முதுகு துளைத்தவை.
ஒன்றில் ஓரம் நறுக்கிய வெள்ளித் துண்டு:
ஒரு சூரியன், ஒரு குன்று, பாதி மாடு.
ஒன்றில் உப்புக்கட்டி வைத்திருந்தேன்.
மாரியில் கரைந்து தட்டைக் கறையாக்கிவிட்டது.
"செல்லாக் காசுக்குக் கட்டில் போட்டிருக்கிறாய்"
என்பாள் அக்கா.
பெட்டகத்தில் நான் அடுக்கும் காசு
எத்தனை நாள் செல்லும் என்று
அந்த வருஷம் அவளும் கேட்க ஆரம்பித்திருந்தாள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு, ஆனி மாதம்.
உட்துறைமுக வீதி நெடுக
வெறும் காஸ் சிலிண்டர்கள் சங்கிலியில் நின்றன,
துளையிட்டுக் கோத்த சோழிகளைப் போல.
எவரும் திருடவில்லை. இடத்தை மட்டும் விற்றார்கள்.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிய இலக்கம்
ஒரு கொத்து அரிசிக்குப் போனது.
வியர்த்தால் அழிந்துவிடும் காசு.
கையை விரித்தபடியே நடந்தார்கள் மனிதர்கள்.

"ஐம்பதாயிரம் தருகிறேன்" என்றேன்.
இஸ்ஸதீன் சிரித்தார், பல்லிடையில் வெற்றிலை.
"தாளை வச்சு என்னத்த மிஸ்?
எஞ்சின் தாளையா குடிக்கும்?
மண்ணெண்ணெய் இருக்கா?"

இருந்தது. பத்து லீற்றர்.
அக்கா இரண்டு நாள் வெயிலில் நின்று வாங்கி
அடுப்படிப் பின்னால் சாக்கால் மூடி வைத்தது.
கானைத் தூக்கிக் கொடுத்தேன்.
எண்ணவில்லை, எழுதவில்லை, கையெழுத்தில்லை.
இத்தனை வருஷத்தில்
நான் செய்த முதல் வியாபாரம்.

அக்கா கத்தவில்லை. அது இன்னும் மோசம்.
அறுபது குழித் தட்டைக் கொண்டுவந்து
முற்றத்துக் கல்லடுப்பின் பக்கத்தில் வைத்தாள்.
கோடரியையும் வைத்தாள்.
நான்தான் பிளந்தேன்.
தேக்கு நின்று எரிந்தது. பருப்பு நன்றாக வெந்தது.
உப்புக் கரைந்த இடம் மட்டும்
மஞ்சளாய்ச் சடசடத்தது.
சோழிகள் பிஸ்கட் தகரத்துக்குப் போயின.

நாலாம் நாள் விடிய முன்
கேற்றடியில் சைக்கிள் மணி.
ஓலையில் சுற்றிய இரண்டு பாரை.
"உங்கட சாமான் பெறுமதி கூட மிஸ்.
இது மிச்சக் காசு."
வேறொன்றும் சொல்லாமல் மிதித்துப் போனார்.

அக்கா மீன் வெட்டினாள்.
ஒன்றின் தாடையில் அறுந்த நரம்போடு ஒரு தூண்டில்,
முள்ளும் கூரும் உள்ளது.
கழுவினாள். துடைத்தாள்.
தகரத்தைத் திறந்து
அந்த வெள்ளிக் கம்பியின் பக்கத்தில் போட்டாள்.

என்ன விலை என்று நான் கேட்கவில்லை.