சில்லறை

வெளியிட்ட அன்று ஆளுக்குக் கால் கிலோ மைசூர்பா.
முடிந்தது என்று படம் வரைந்தவர்கள் ஊருக்குப் போனார்கள்.
சரவணம்பட்டி மூன்றாம் மாடியில்
எங்கள் இரண்டு பேருக்கு அன்றைக்குத்தான் ஆரம்பம்.

பதினான்கு மாதமாக ஓடுகிறது.
ஆட்டத்தின் பெயர் ரூட் பஸ்.
காந்திபுரத்தில் எடுத்து ஈரோட்டில் போட வேண்டும்,
முன்னால் போகிறவனை முந்த வேண்டும்,
டைம் கீப்பரிடம் திட்டு வாங்காமல்.
அவ்வளவுதான். அதற்கு
வாரம் ஒரு புது ஹாரன், மாதம் ஒரு புது ரூட்,
ஆடிப் பதினெட்டுக்கு பவானி ஸ்பெஷல்.
தராவிட்டால் ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டு
வேறு ஆட்டத்தில் ஏறிக்கொள்வார்கள்.

ஓடுகிற மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலை என்று
பம்ப் கம்பெனியில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.
ஆஃப் பண்ணாம எவன் கட்டுவான் என்றார்,
சோற்றைப் பிசைந்துகொண்டே.

நேற்று ராத்திரி பதினொன்றுக்கு
கோபி சத்தி ரூட்டை ஏற்றினோம்.
எட்டு ரூபாய் டிக்கெட்டுக்குப் பத்தை நீட்டினால்
மீதி இரண்டு பயணிக்குப் போக வேண்டும்.
வண்டிக்கே வந்தது.
ஒரு கழித்தல் குறியை விட்டிருந்தேன். நான்தான்.

ஒரு மணிக்குள் அவிநாசியில் ஒருவர்
முப்பத்திரண்டு பஸ்ஸுக்கு முதலாளி.
காங்கேயத்துப் பையன் ஒருவன்
அத்தனை வண்டிக்கும் தங்க ஹாரன் மாட்டிவிட்டான்.
யாரும் மூச்சு விடவில்லை.

இரண்டே காலுக்கு ஒரே ஒரு செய்தி,
குன்னத்தூர் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில்:
"ஏனுங்க, என்ற வண்டிக்குக் காசு சும்மா வருதுங்க.
தப்பு என்ற பக்கமுங்களா?"

ஷமீனா டீயைக் கீழே வைத்தாள்.
பின்னுக்கு இழுத்துவிடலாம் என்றாள்,
பதினொன்றுக்கு எப்படி இருந்ததோ அப்படி.
அதற்கப்புறம் நடந்தது யாருக்கும் நடக்கவில்லை.
அந்தப் பட்டன் இரண்டு முறை கேட்கும், உறுதியா என்று.

இரண்டாவது முறை கேட்டபோது
குன்னத்தூரின் பதிவைத் திறந்து பார்த்தேன்.
பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து
பன்னிரண்டே முக்காலுக்கு வருகிறவர். அப்படித்தான்
எப்போதோ புகார்ப் பெட்டியில் எழுதியிருக்கிறார்.
நான்கு மாதமாக ஊத்துக்குளி ரயில்வே கேட்டில் மாட்டி
ஒரு நாள் மூன்று நிமிடம், ஒரு நாள் ஆறு நிமிடம் லேட்.
நேற்று ஒன்று நாற்பத்தெட்டுக்கு
கேட் திறந்திருந்தது.
லேட்: சைபர்.
அதற்குப் பிறகுதான் காசைப் பார்த்திருக்கிறார்.

அழுத்தினேன்.
முப்பத்திரண்டு பஸ்ஸும் போயிற்று, தங்க ஹாரனும்,
அந்தச் சைபரும்.

அப்புறம் அந்த ஒரு வரியை மட்டும்
கையால் எழுதிச் சேர்த்தேன்.

"அவருக்குச் சரி" என்றாள் ஷமீனா.
"மீதி அறுநூற்றுப் பதினொரு பேர்?
சொல்லாதவங்க எல்லாம் திருடங்களா?
பாதிப் பேர் தூக்கக் கலக்கத்துல ஓட்டிருப்பாங்க."

பட்டியலை இரண்டாகப் பிரித்தோம்.
யார் எங்கே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்,
யார் முதல்முறை யாரை முந்தினார்கள்,
ஒவ்வொருவராக.
ஐந்தரைக்கு நூற்றுத் தொண்ணூறாவது ஆளிடம்
எழுத்துகள் நெளிய ஆரம்பித்தன.
மிச்சம் அப்படியே இருக்கிறது.

அதற்குள் ஒற்றை நட்சத்திரங்கள் கொட்டியிருந்தன.
என் தங்க ஹாரன் எங்கடா, ஃப்ராடு கம்பெனி.
குன்னத்தூரிடமிருந்து ஒன்றுமில்லை.
தூங்கிக்கொண்டிருப்பார்.

ஆறு மணி தனியார் பஸ்ஸில்
பதினேழு ரூபாய்க்கு இருபதை நீட்டினேன்.
கண்டக்டர் டிக்கெட்டின் முதுகில் 3 என்று கிறுக்கி
"எறங்கறப்ப வாங்கிக்கோங்க" என்று முன்னால் போனார்.

பைக்குள் போன் அதிர்ந்தது.
"அக்கா, சத்தி ஸ்டாண்டுல பயணிக யாருமே
எறங்க மாட்டீங்கறாங்க."

படித்து, பதில் தட்டி, நிமிர்ந்தபோது
என் ஸ்டாப் தாண்டியிருந்தது.