கடைசி அரை அங்குலம்

பானெட்டுக்குள் தலையை விட்டபடி
"மிதி" என்றேன்.
"மிதிச்சாச்சு" என்றாள் கிரேஸ்மணி.
பம்ப் லீவர் முக்கால் தூரம் வந்து நின்றது.
"முழுசா மிதி."
"இதுதாங்க முழுசு. இதுக்குக் கீழ பசுமலைதான்."

தொண்ணூற்றாறாம் வருஷ பென்ஸ், டீசல், ஆட்டோமேட்டிக்.
சிந்தாமணி அரிசி மில்காரர் கைமாற்றிவிட்டது.
கப்பலூர் பாலம் ஏறும்போது மட்டும்
மாதக் கடைசி வாரம் மாதிரி இழுக்கும்.
கியர்பெட்டி போச்சு, எண்பதாயிரம் ஆகும்
என்று சொல்லியிருந்தார்கள் பைபாஸ் ரோட்டில்.

கதவைத் திறந்து குனிந்தேன்.
ரப்பர் மிதியடி,
அதன் கீழ் கயிற்று மிதியடி,
அதற்கும் கீழே மடித்துப் போட்ட சாக்கு.
உருவியதும் ஒரு கைப்பிடி உமி கொட்டியது.
அடியில்
கட்டைவிரல் நகம் அளவுக்கு
கிக்டவுன் சுவிட்ச்.
எந்தக் காலும் போய்ச் சேராத இடம்.

லீவர் முழுசாய்த் திறந்த பிறகுதான்
பெடல் அதைத் தொடவேண்டும்.
முந்தினாலும் தப்பு.
நட்டை இரண்டு சுற்று திருகி
கால் சுற்று பின்வாங்கினேன்.
"இப்ப மிதி."
டிக்.
"கேட்டுச்சா?"
"கால்ல கேட்டுச்சு."

திருமங்கலம் ரோட்டில் அவள்தான் ஓட்டினாள்.
முன்னால் கரும்பு லாரி,
தோகை ரோட்டைக் கூட்டிக்கொண்டே போனது.
ஹாரன் அடிப்பாள் என்று பார்த்தேன்.
செருப்பைக் கழற்றி ஓரமாய்த் தள்ளிவிட்டு
வெறுங்காலால் அழுத்தினாள்.
வண்டி ஒரு கியர் இறங்கிக் கத்தியது.
சீட்டு என் முதுகை வாங்கிக்கொண்டது.
லாரி கண்ணாடிக்குள் போய்ச் சின்னதானது.

"போதும், கால எடு" என்றேன்.
டோல்கேட் தெரியும்வரை எடுக்கவில்லை.