வெட்டாமல் விட்டது

அக்டோபரில் ஆறு அடுப்படிவரை வந்து
ஒன்பது நாள் தங்கியது.
போகும்போது தரையை உப்பவைத்துவிட்டுப் போனது.
லினோலியத்தைப் பெயர்த்து வாசலில் எறிந்தேன்.
குப்பை வண்டி வர மூன்று நாளாகுமாம்.
மூன்று நாளும் வெயிலில் கிடந்தது அது,
எனக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவர்கள் தேர்ந்த பச்சையில்.
ஓரத்தை நகத்தால் கீறினேன்.
பாலாடைக்கட்டிபோல் சுருண்டு வந்தது.

அந்தக் கணமே எல்லாம் தோன்றிவிட்டது என்றால் பொய்.
பைசாண்டு பாலத்துச் சுங்கச்சாவடியில்
இரவெல்லாம் சில்லறை எண்ணுகிறவளுக்குத்
தோன்றுவது பெரும்பாலும் தூக்கம்.
ஆனாலும் மறுநாள் போய் உளி விலை கேட்டேன்.
மூன்று உளி ஒரு டப்பா,
ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கு வைத்திருந்த காசு.
எதற்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை.
நல்லவேளை.

முதலில் ஒரு பேரிக்காய் வெட்டினேன்.
தாளில் கெட்டில் வந்தது.
கெட்டில் நன்றாகவே இருந்தது, விட்டுவிட்டேன்.

ஆரம்பிக்க என்னென்ன வேண்டும் என்கிறாள்
அடுத்த ஜன்னல் நீடியா,
இரண்டு லாரிகளுக்கு நடுவில், மாத்தேயை உறிஞ்சியபடி.
கெட்டுப்போன தரை ஒன்று வேண்டும், என்றேன்.
அச்சுமை, உருளை. அழுத்த இயந்திரமெல்லாம் வேண்டாம்,
மரக்கரண்டியின் முதுகு போதும்,
தோள் வலிக்கும்வரை தேய்.
குளிர்ந்தால் அது பொடிப்பொடியாய் உதிரும்,
துணி போட்டு மேலே இஸ்திரிப் பெட்டியை ஓட்டு.
பிடிக்கும் கை என்றைக்கும் உளிக்குப் பின்னால்.
இதைக் கட்டைவிரலில் குறித்துவைத்திருக்கிறேன், பார்,
நான்கு தையல்.

அப்புறம் இது:
வெட்டியது வெள்ளை. விட்டது கறுப்பு.
கேட்க எவ்வளவு எளிது.
எனக்கு ஒரு மாதம் பிடித்தது.
படத்தை வரைய வந்தவள் நான்,
படம் இல்லாத இடத்தையெல்லாம்
குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அடுமனை வில்மார் ஒத்ரியோசோலாவின் பெயர்ப்பலகையையும்
ஆறுதான் கொண்டுபோயிருந்தது.
ஏதோ செதுக்குகிறாயாமே, என்று வந்தார்.
பெரிதாக ஒன்றும் வேண்டாம், 'பான்' என்று போட்டால் போதும்.
பான் என்றால் எங்களுக்கு ரொட்டி.
மூன்றே எழுத்து.
பதினோரு காலை, பணி முடிந்து வந்து,
செருப்பைக்கூடக் கழற்றாமல் வெட்டினேன்.

அச்சில் இடம் வலமாகும்.
இது யாருக்குத்தான் தெரியாது?
எனக்கும் தெரியும்.
கைக்குத் தெரியவில்லை.

தாளை உரித்தேன்.
முதலெழுத்து முதுகைக் காட்டி நின்றது.
கடைசி எழுத்தின் குறுக்குக்கோடு எதிர்த்திசையில் சாய்ந்திருந்தது.
நடுவெழுத்து மட்டும் இரண்டு காலையும் அகட்டி
எனக்கென்ன என்று நேராக நின்றது,
கூடாரம்போல.
அதை மட்டும் நம்பி யார் ரொட்டி வாங்குவார்கள்?

அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்,
சிரித்துவிட்டுக் கிழிக்கட்டும் என்று.
வில்மார் சிரிக்கவில்லை.
பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.
மேசையில் கிடந்த மாவைத் தண்ணீரில் குழைத்து
மை இருந்த பக்கம் தன்னைப் பார்க்க
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு
அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

மறுநாள் பணி முடிந்து வருகிறேன்.
மணி ஐந்து. தெருவிளக்கு இன்னும் வரவில்லை,
வெள்ளத்தோடு போனதுதான்.
இருட்டில் ஒரே ஒரு சதுரம் மஞ்சளாய்.
உள்ளே எரியும் விளக்கு மெல்லிய தாளைத் துளைத்து வர
தெருப்பக்கம் மூன்று எழுத்தும்
முறையாய், வரிசையாய், கறுப்பாய்:
பான்.

நின்று படித்தேன். இன்னொரு தடவையும்.

உள்ளே வரிசையில் நிற்பவர்கள்தான்
இன்றுவரை முழிக்கிறார்கள்.
நேராக ஒன்று வெட்டித் தரட்டுமா என்று கேட்டேன்.
நேராக வெட்டினால் தெருவுக்குத் தப்பாகுமே,
என்றார், சில்லறையை நீட்டியபடி.
பழக்கதோஷம், எண்ணி வாங்கினேன்.

குளிர்பெட்டிக்கு அடியில் இருந்த துண்டு
வெயிலே படாமல் இன்னும் பசேலென்று இருக்கிறது.
அதை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.
நாளை நீடியா வருகிறாள்.
என்ன வெட்டப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாதாம்.
உளி கொண்டுவராதே, மூன்று இருக்கிறது என்றேன்,
பிளாஸ்திரி கொண்டுவா.

மழை விடவில்லை.
இஸ்திரிப் பெட்டியின் கம்பி எங்கே என்று தேட வேண்டும்.