எடை குறையுது

பதினாலு வருஷமாய்
ஊர் என்னைப் பார்த்துச் சொன்ன வசவு அது.
தண்டையார்பேட்டையில் மூன்றாவது சந்து,
ரேஷன் கடை ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம்
பையைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி:
"எடை குறையுது பிலோமிக்கா."

பாமாயில் வராத மாசம் இன்னும் சத்தமாக.
பருப்பு வராத மாசம்
என் உடம்பையும் சேர்த்து:
"எங்க பருப்பெல்லாம் எங்க போவுதுன்னு
பாத்தாலே தெரியுதே."

நான் தின்றது என் காசு.
சம்பளத்தன்று பிரியாணி,
நைட் கடை பரோட்டா,
அழுகை வந்தால் ஒரு பாக்கெட் மிக்சர்,
வராவிட்டாலும்.
யாரிடம் போய் பில் காட்டுவது?

நூற்றுப் பதினெட்டு கிலோ.
ஷேர் ஆட்டோவில் ரெண்டு சீட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு
ஒரு சீட்டுக்குள் உட்காரப் பார்த்தபடி
டோல்கேட் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டே போவேன்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால்
உள்ளுக்குள் சந்தோஷம்,
நின்று மூச்சு வாங்க ஒரு காரணம்.

கடைத் தராசு நூறுக்கு மேல் காட்டாது.
ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிட்டு ஏறினேன்.
எண் வரவில்லை. வரிசையாய்ச் சிவப்புக் கோடுகள்.
இறங்கி
அரசாங்கத் தராசைத் துடைத்து வைத்தேன்,
திருடினவள் மாதிரி.

அப்புறம் ஆபரேஷன்.
வயிற்றில் ஐந்து துளை போட்டு
இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள்.
மிச்சம் ஒரு ரஸ்தாளிப் பழம் அளவு என்றார் டாக்டர்.
முதல் வாரம் பாட்டில் மூடியால் அளந்து தண்ணீர்.
மூணாம் மாசம் கொத்துக் கொத்தாய் முடி கொட்டியது.
ஆரோக்கியம் ஐஸ் பேக்டரியிலிருந்து வருகிற வழியில்
காசிமேட்டில் ஒரே ஒரு சங்கரா வாங்கி வந்து
முள் எடுத்து, உதிர்த்து, தட்டோரத்தில் வைப்பான்.
ரெண்டு வாய்.
போதும் என்றது வயிறு.
நாற்பத்திமூணு வயசில்
அது அந்த வார்த்தையைப் பேசி
அன்றைக்குத்தான் கேட்டேன்.

செக்கப்புக்குப் போனபோது
ஃபைலைப் புரட்டிச் சிரித்தார் டாக்டர்:
"நல்லா எடை குறையுதும்மா."
பழக்கதோஷம்.
"இல்ல சார், சரியாத்தான் போட்டேன்" என்று
தொண்டை வரை வந்துவிட்டது.

இப்போது சர்க்கரைக்கு மாத்திரை இல்லை.
செருப்பு வாரை நானே குனிந்து மாட்டுகிறேன்.
எம்.சி. ரோட்டில் கடைக்காரப் பெண்
"உங்க சைஸ் இல்லக்கா" சொல்லாமல்
"எந்தக் கலர்?" என்று கேட்டாள்;
பதில் தெரியாமல் முழித்தேன்.
குறட்டை நின்றுவிட்டதால் பயந்துபோய்
ஆரோக்கியம் நடுராத்திரி
என் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறான்.
கையைத் தூக்கினால் தோல்
காலிச் சாக்கு மாதிரி ஆடுகிறது.
காலிச் சாக்கைக் கணக்கெழுதித் திருப்பி அனுப்புவோம்.
இது என்னோடேயே இருக்கட்டும்.

நேற்று ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடி ஏறினேன்.
அறுபத்தாறு.
போனது ஐம்பத்திரண்டு:
ரெண்டரை கார்டு அரிசி,
மேலே ரெண்டு கிலோ சர்க்கரை.
இருபது கிலோவை ஜன்னலுக்குத் தூக்கவே
தீனன் அப்படி முனகுவான்.
நான் இத்தனையையும் கட்டிக்கொண்டு
தூங்கியிருக்கிறேன், மாடி ஏறியிருக்கிறேன்,
மாதா கோயிலில் முழங்கால் போட்டிருக்கிறேன்.

இன்று வரிசையில் முதல் ஆள் கன்னியம்மா.
பையை இடுப்பில் வைத்தவள்
என்னை மேலும் கீழும் பார்த்து,
"எடை குறையுது."

வெடுக்கென்று பையைப் பிடுங்கித் தராசில் வைத்து
எண்ணை அவள் பக்கம் திருப்பினேன்.

"தோ பாரு, அரிசிய சொல்லலடி.
உன்னியச் சொன்னேன்.
நல்லாக்கீற."

எனக்குக் கண் கலங்கியது.
அவள் குனிந்து எண்ணைப் படித்தாள்.

"அதுவும் அம்பது கிராம் கம்மியாத்தான் கீது.
போடு."