கோணல் துளை

மாயவரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஜெராக்ஸ் கடையின் மாடிப்படிக்கு அடியில் என் மேஜை.
ஒரு லென்ஸ், ஒரு பொடித்தராசு,
கழுத்து மடங்குகிற விளக்கு.
திருவெண்காட்டு அகோரம் வந்து
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார்.
ஓட்டைக் காலணா. நாற்பத்து நாலாம் வருஷம்.
"ஓட்டை நடுவுல இல்லக்கா, பாருங்க.
மச்சான் போன்ல காட்டினான்,
இந்த மாதிரிக்கு லட்சம் தர்றாங்களாம்."

லட்சத்தை அப்புறம் பார்ப்போம்.
முதலில் நிறம்.
வெள்ளிக்கிழமைக் குத்துவிளக்கு மாதிரி
புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.
எண்பது வருஷம் காற்றும் கையும் பூசிய பழுப்பு
அரை மணியில் வாய்க்காலோடு போய்விட்டது.
கிரீடத்தின் முத்துகள் மழுங்கி ஒரே கோடு.
மறுபக்கத்து இலைகளில் நரம்பில்லை.
"சுமார்" என்று எழுதினேன்.
"நல்லா மின்னுதேக்கா."

பிறகு துளை.
எந்திரம் செய்தால் பிழை, மனுஷன் செய்தால் சேதம்.
எங்கள் தொழிலில் விலை பிழைக்கு மட்டும்தான்.
அச்சு விழுமுன்னே விழுந்த துளையென்றால்
ஓரத்து உருவம்
படித்துறை ஆற்றுக்குள் இறங்குவது போல்
சரிந்து இறங்கியிருக்கும்.
பின்னால் குடைந்ததென்றால் சட்டென்று அறுந்து நிற்கும்,
நகத்தில் பிசிறு தட்டும்.

லென்ஸை அண்டக் கொடுத்தேன்.
மேல்பாதி சரிவு. கிரீடத்தின் அடி
துளைக்குள் வழிந்திருக்கிறது.
தங்கசாலையிலேயே தவறிப் பிறந்தது, சந்தேகமில்லை.
கீழ்ப்பாதியில் அரம்.
பத்துப் பன்னிரண்டு கீறல், எல்லாம் ஒரே சாய்வில்.

"இதை ராவினது யாரு?"
"அப்பாதான். ஆயில் இன்ஜின்ல
வாஷரா போட்டிருந்தாரு. போல்ட் கொஞ்சம் கோணல்.
போன மாசம் நான்தான் கழட்டிட்டு
ஸ்டீல் வாஷர் மாட்டினேன்."

ஒரே துளை,
பாதி பிழை, பாதி சேதம்.
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
அட்டை உறையில் உலோகம் எழுதினேன், வருஷம் எழுதினேன்,
எடை எழுதினேன், அரம் தின்றது போக.
"நூற்றைம்பது தரலாம்."
அதுவே கொஞ்சம் கூடுதல்.

அவர் விலையைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை.
"ஸ்டீல் மாட்டினதுலேருந்து
அந்த எடத்துல எண்ணெ கசியுதுக்கா.
எவ்வளவு முடுக்கினாலும் நிக்கல.
மேட்டூர்த் தண்ணி கடமடைக்கு வர
இன்னும் பத்து நாளாவும். நாத்தங்கால் காயுது."

விளக்கடியிலிருந்து காசை எடுத்து
ஒரு கண்ணை மூடி
துளை வழியே தெருவைப் பார்த்தார்.
மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துத் திரும்பியது.
கொஞ்சம் திருப்பி, இன்னும் கொஞ்சம் திருப்பி,
போல்ட்டின் சாய்வை விரலால் நினைத்துப் பார்ப்பது போல
அங்கேயே நிறுத்தினார்.

"லென்ஸ்ல பாத்ததுக்கு எவ்வளவுக்கா?"

பத்து ரூபாய் வாங்கிக்கொண்டேன்.
உறை மேஜையிலேயே கிடக்கிறது.
இன்னொரு காசுக்கு ஆகாது,
எடை எழுதியாகிவிட்டது.