ஒன்றேகால் பவுன்

ஃப்ருட்டிகனில் ஆற்றோரக் கடை.
செம்மானுக்கு என்றேன்.
ஊலி சூர்ப்ரூக் மூன்று பெட்டி எடுத்து வைத்தார்.

முதலாவது ஈயம். பட்டதும் காளானாய் விரியும்,
துகள் துகளாய்ச் சதைக்குள் போகும்.
மலிவு. இறைச்சியில் சிலவேளை பல்லுக்குக் கடிபடும்.
அடுத்தது அதைவிடக் கனம். தோள் பொறுக்குமா
என்று என்னைப் பார்த்தார், மூடி வைத்தார்.
மூன்றாவது செம்பு.

ஒன்றைக் கையில் உருட்டினேன்.
நூற்றைம்பது கிரெய்ன்.
பவுனில் ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவு;
நகைக்கடைக் கணக்கு விட்டுப் போகவில்லை.

"இது உடையாது. மறுபக்கத்தால் வெளியேறும்.
ஓடினாலும் புல்லில் இரத்தம் வழி சொல்லும்."

"உள்ளே ஒன்றும் தங்காதா?"

தங்காது என்றார்.
இரண்டாம் முறையும் கேட்டேன்.

என் இடது தொடையில் ஒன்று இருக்கிறது.
எத்தனை கிரெய்ன், என்ன உலோகம்,
எந்த மேசையில் யார் தெரிந்தெடுத்தது, தெரியாது.
மழைக்கு முதல்நாள் கடுக்கும்.
சூரிச் விமான நிலையத்தில்
எனக்கு முன்னால் அதுதான் பேசும்.

இருபது ரவை, தொண்ணூறு பிராங்க்.
விலை கூட என்று முணுமுணுத்தபடியே
காசை எண்ணி வைத்தேன்.

"முதலில் நூறு மீட்டரில் சுட்டுப் பாருங்கள்," என்றார் ஊலி,
"உங்களுக்குப் பிடித்தால் போதாது,
துப்பாக்கிக்கும் பிடிக்க வேண்டும்."